பாஸ்டனில் கோடு போடாத பாதை: அடிமை ஒழிப்பை வளர்த்த ஒரு பேட்டை

பாஸ்டன் நகரில் தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தால் போதும், அமெரிக்க விடுதலைப் போரின் முக்கியமான இடங்களை எல்லாம் பார்த்துவிடலாம். சில இடங்களில் செங்கல்லாலும் சில இடங்களில் பெயின்டாலும் போட்ட ஒரு சிவப்புக் கோடு நகரத்துக்குள் 4 கிலோமீட்டர் ஓடுகிறது. 1951-இல் உருவான 'சுதந்திரப் பாதை' இது. அந்தக் கோடு மாநிலச் சட்டமன்றத்தின் வாசல் வழியாகப் போகிறது. அதே வாசலுக்கு எதிரே சாலையைக் கடந்தால் இன்னொரு நடை தொடங்குகிறது. அதற்குத் தரையில் கோடு கிடையாது. 'கறுப்பினப் பாரம்பரியப் பாதை' என்று பெயர். இரண்டரை கிலோமீட்டர்தான். சட்டமன்றத்துக்குப் பின்னால் இருக்கும் பீக்கன் குன்றில் ஏறி, மறுபக்கச் சரிவில் இறங்கி, ஒரு முட்டுச்சந்தில் போய் முடிகிறது. தேசியப் பூங்காத் துறையின் ஊழியர்கள் அகலமான தொப்பி வைத்துக்கொண்டு முன்னால் நடப்பார்கள். வழியில் வரும் கட்டிடங்களில் பெரும்பாலானவை இன்று யாரோ குடியிருக்கும் வீடுகள். உள்ளே போக முடியாது. நடைபாதையில் நின்று, சாத்திய கதவைப் பார்த்தபடி, கதையைக் கேட்க வேண்டியதுதான்.

அமெரிக்காவில் அடிமைமுறை எப்படி ஒழிந்தது என்று கேட்டால் லிங்கன் வருவார், உள்நாட்டுப் போர் வரும், அப்புறம் பாஸ்டனின் புகழ்பெற்ற வெள்ளைப் பேச்சாளர்கள் வருவார்கள். பீக்கன் குன்றின் வடசரிவில் நடந்தவர்கள் அந்தப் பட்டியலோடு நிற்க மாட்டார்கள். பழைய துணி விற்றவர், முடி வெட்டியவர், வாடகைக்கு ஆள் வைத்துச் சோறு போட்ட அம்மா, ஓட்டலில் பரிமாறியவர் என்று ஒரு பேட்டையே சேர்ந்து செய்த வேலை அது. அந்தப் பேட்டை எவ்வளவு சின்னது, வீடுகள் எவ்வளவு நெருக்கம் என்பது காலால் நடந்து பார்த்தால்தான் பிடிபடும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பாஸ்டன் ஆரம்பத்திலிருந்தே அடிமைமுறையை எதிர்த்த ஊர் அல்ல. 1638-இல் 'டிசையர்' என்ற கப்பல் இங்கே ஆப்பிரிக்க அடிமைகளைக் கொண்டுவந்து இறக்கியது. 1641-இல் மாசசூசெட்ஸ் தன் சட்டத்தொகுப்பிலேயே அடிமைமுறைக்கு இடம் கொடுத்தது. அங்கிருந்த ஆங்கிலேயக் குடியேற்றங்களில் அப்படிச் செய்த முதல் இடம் இதுதான். 'சுதந்திரத்தின் தொட்டில்' என்று ஊரே கொண்டாடும் ஃபேனுயில் மண்டபத்தை 1742-இல் கட்டிக்கொடுத்த வணிகர் பீட்டர் ஃபேனுயிலின் செல்வத்தில் அடிமை வியாபாரக் காசும் உண்டு. சென்னை வாசகர்களுக்குத் தெரிந்த ஒரு பெயரும் இந்த ஊரோடு சேர்ந்தது. 1687 முதல் 1692 வரை செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்த எலிஹு யேல் 1649-இல் பாஸ்டனில்தான் பிறந்தார். அவர் கோட்டையில் பொறுப்பில் இருந்த காலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னையிலிருந்து அடிமைகளைக் கப்பலேற்றியது.

1780-களில் நிலைமை மாறியது. அடிமைகளே நீதிமன்றம் ஏறினார்கள். எலிசபெத் ஃப்ரீமன், குவாக் வாக்கர் என்ற இருவரின் வழக்குகள், 'எல்லா மனிதரும் சுதந்திரமாகவும் சமமாகவும் பிறந்தவர்கள்' என்று சொன்ன மாநில அரசியல் சாசனத்தை அப்படியே எடுத்து நீட்டின. 1790-இல் எடுத்த மக்கள்தொகைக் கணக்கில் மாசசூசெட்ஸில் அடிமைகள் எண்ணிக்கை பூஜ்யம். விடுதலையானவர்கள் பீக்கன் குன்றின் வடசரிவில் குடியேறத் தொடங்கினார்கள். தென்சரிவில் பணக்கார வெள்ளையர்களின் மாளிகைகள். காலையில் குன்றைத் தாண்டி அங்கே வேலைக்குப் போய், இரவு இந்தப் பக்கம் திரும்புவார்கள். 1850-இல் நகரத்தின் மக்கள்தொகை சுமார் 1,37,000. அதில் கறுப்பினத்தவர் 2,000 பேர்தான்.

நடை தொடங்கும் இடத்தில் இருப்பது ஒரு வெண்கலப் புடைப்புச் சிற்பம். நடுவில் குதிரைமேல் வெள்ளை அதிகாரி கர்னல் ராபர்ட் கூல்ட் ஷா. அவரைச் சுற்றி மாசசூசெட்ஸ் 54-ஆவது படைப்பிரிவின் கறுப்பின வீரர்கள் துப்பாக்கியைத் தோளில் சாய்த்து நடக்கிறார்கள். பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டிய சிற்பம் இது. ஒரு முகம் போல இன்னொரு முகம் இல்லை. ஒருவருக்குத் தாடி நரைத்த வயது, முன்னால் மேளம் அடிப்பவன் சின்னப் பையன். சிற்பி அகஸ்டஸ் செயின்ட்-காடன்ஸ் கறுப்பின ஆண்களை நேரில் உட்காரவைத்து ஒவ்வொரு தலையாகச் செய்தார். முடிக்கக் கிட்டத்தட்ட 14 ஆண்டுகள் ஆயின. 1897-இல் திறந்தார்கள். தென்மாநிலங்களோடு உள்நாட்டுப் போர் நடந்த 1863-இல், மே 28 அன்று, இந்தப் படை இதே தெரு வழியாக அணிவகுத்துத் தெற்கே போனது. ஜூலை 18-இல் தென் கரோலினாவின் வாக்னர் கோட்டைமேல் பாய்ந்தபோது ஷாவும் பல வீரர்களும் இறந்தார்கள். எதிரிகள் அவரை அவருடைய வீரர்களோடு ஒரே குழியில் புதைத்தார்கள். உடலைத் தோண்டி எடுக்க வேண்டாம், அங்கேயே இருக்கட்டும் என்று அவருடைய பெற்றோர் சொல்லிவிட்டார்கள்.

சிற்பத்தில் தெரியாத ஒரு சண்டையும் இருக்கிறது. சேரும்போது மாதம் 13 டாலர் தருவதாகச் சொன்னார்கள். கைக்கு வந்தது 10 டாலர், அதிலும் துணிக்கு 3 டாலர் பிடித்தம். வெள்ளைச் சிப்பாய்க்குப் பிடித்தம் இல்லாமல் 13. 'அப்படியானால் எங்களுக்குச் சம்பளமே வேண்டாம்' என்றார்கள் 54-ஆவது படைப்பிரிவினர். குறைவதை நாங்கள் தருகிறோம் என்று மாநில அரசு முன்வந்தபோதும் வாங்கவில்லை. பற்றாக்குறைக்காக அவர்கள் சண்டை போடவில்லையே! ஊரில் குடும்பம் கஷ்டப்பட, சம்பளமில்லாமல் சுமார் 18 மாதம் சண்டை போட்டார்கள். 1864-இல் நாடாளுமன்றம் இறங்கி வந்து சம ஊதியம் கொடுத்தது. ஆனால் நினைவுச்சின்னத்தில் இறந்த வெள்ளை அதிகாரிகளின் பெயர்களை மட்டும் செதுக்கியிருந்தார்கள். வாக்னர் கோட்டையில் இறந்த கறுப்பின வீரர்களின் பெயர்கள் 1982-இல்தான் கல்லில் ஏறின.

குன்றில் ஏறினால் பிங்க்னி தெருவில் ஜார்ஜ் மிடில்டனின் மரவீடு. விடுதலைப் போரில் 'பக்ஸ் ஆஃப் அமெரிக்கா' என்ற கறுப்பினப் படைக்குத் தலைமை தாங்கியவர் அவர். இந்தக் குன்றில் கறுப்பினத்தவர் கட்டி இன்றும் நிற்கும் வீடுகளில் இதுதான் மிகப் பழையது. அதே தெருவில் கொஞ்சம் தள்ளி ஜான் ஜே. ஸ்மித்தின் வீடு. அவர் முடிதிருத்துபவர். அவர் கடையில் செனட்டர் சார்லஸ் சம்னர் வந்து உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார். முடிதிருத்தும் கடை என்றால் நமக்கே தெரியும், ஊர்ச்செய்தி எல்லாம் வந்து விழும் இடம். தெற்கிலிருந்து தப்பி வந்த அடிமையைப் பிடிக்கும் வாரன்ட் பற்றி வெள்ளை வாடிக்கையாளர் வாய்தவறிச் சொன்னதும், அப்படித் தப்பி வந்தவரைப் பற்றிய சேதியும் அங்கேதான் சந்திக்கும். ஸ்மித் பிறகு மாநிலச் சட்டமன்றத்துக்கு மூன்று முறை தேர்வானார்.

சரிவின் அடியில் சார்லஸ் தெரு வழிபாட்டுக்கூடம், 1807-இல் வெள்ளையர் கட்டியது. கறுப்பினத்தவர் மாடத்தில்தான் உட்கார வேண்டும் என்பது அங்கே விதி. 1830-களில் டிமதி கில்பர்ட் என்ற வெள்ளைக்காரர் கறுப்பின நண்பர்களைத் தன் குடும்ப இருக்கைக்குக் கூட்டிவந்தார். சபை அவரை வெளியே அனுப்பியது. அவர் வேறு சிலரோடு சேர்ந்து யாரும் எங்கும் உட்காரக்கூடிய சபையைத் தொடங்கினார். வடக்கே அடிமைமுறை இல்லை, ஆனால் ஒதுக்கிவைப்பது இருந்தது. கோயிலிலும் பள்ளியிலும் ரயிலிலும் இருந்தது. பீக்கன் குன்றின் மக்கள் இரண்டையும் ஒரே நேரத்தில் எதிர்க்க வேண்டியிருந்தது. இதை விட்டுவிட்டு அடிமை ஒழிப்பைத் 'தெற்கின் பிரச்சினை' என்று மட்டும் பேசினால் கதையில் பாதி போய்விடும்.

பிலிப்ஸ் தெரு 66-ஆம் எண் வீட்டுக்கு முன்னால் கூட்டம் கொஞ்சம் அதிக நேரம் நிற்கும். சாதாரணச் செங்கல் வீடு, நாலு மாடி. லூயிஸ் ஹேடன், ஹாரியட் ஹேடன் தம்பதி இங்கே வாழ்ந்தார்கள். லூயிஸ் கென்டக்கியில் அடிமையாகப் பிறந்தவர். அவருடைய முதல் மனைவியையும் மகனையும் ஹென்றி கிளே என்ற பெரிய அரசியல்வாதி வாங்கி, பிறகு தெற்கே விற்றுவிட்டார். லூயிஸ் அவர்களை மறுபடி பார்க்கவே இல்லை. 1844-இல் ஹாரியட்டோடும் அவர் மகனோடும் தப்பி, கனடா போய், டெட்ராய்ட் வழியாக பாஸ்டனுக்கு வந்து துணிக்கடை வைத்தார். வீட்டைத் தங்கும் விடுதியாக ஹாரியட் நடத்தினார். இதைச் சாதாரணமாகக் கடந்துவிடக் கூடாது. தப்பி வந்தவர்களை ஒளித்துவைக்க விடுதியைவிடத் தோதான இடம் கிடையாது. தினமும் புது முகங்கள் வந்துபோகும் வீட்டில் இன்னொரு புது முகத்தை யார் கவனிப்பார்கள்? எத்தனை பேர் இருந்தாலும் சமைத்துப் போட்டு, படுக்க இடம் பார்த்து, யாரை எப்போது எங்கே அனுப்புவது என்று ஓடியாடிய உழைப்பு பெரும்பாலும் ஹாரியட்டுடையது. ஒருமுறை எழுத்தாளர் ஹாரியட் பீச்சர் ஸ்டோ வந்தபோது, தப்பி வந்தவர்கள் 13 பேர் இந்த ஒரே வீட்டில் இருந்தார்கள்.

1850-இல் நாடாளுமன்றம் 'தப்பியோடிய அடிமைகள் சட்ட'த்தை நிறைவேற்றியது. அதன்படி, தப்பியவர் சுதந்திர மாநிலத்துக்கு வந்துவிட்டாலும் பிடித்து எஜமானரிடம் ஒப்படைக்க வேண்டும். பிடிபட்டவருக்கு ஜூரி கிடையாது, தன் தரப்பில் சாட்சி சொல்லவும் முடியாது. உதவி செய்தவருக்கு 1,000 டாலர் அபராதமும் ஆறு மாதச் சிறையும். வழக்கை முடிவு செய்யும் ஆணையருக்குத் தரும் கட்டணத்தைப் பாருங்கள். ஆளைத் திருப்பி அனுப்பினால் 10 டாலர், விடுதலை செய்தால் 5 டாலர்! வடசரிவில் அதுவரை நிம்மதியாகக் குடியிருந்த பலர் ராத்திரியோடு ராத்திரியாகக் கனடாவுக்குக் கிளம்பினார்கள்.

சட்டம் வந்த மறுமாதமே ஜார்ஜியாவிலிருந்து இரண்டு பேர் ஆள்பிடிக்க வந்தார்கள். தேடி வந்தது வில்லியம் கிராஃப்ட், எலன் கிராஃப்ட் தம்பதியை. 1848 டிசம்பரில் இவர்கள் தப்பிய விதம் அப்போதே ஊர்ப்பேச்சு. எஜமானருக்கே பிறந்தவர் எலன், பார்த்தால் வெள்ளைக்காரி மாதிரிதான் இருப்பார். முடியை வெட்டி, ஆண் உடை போட்டு, நோயாளிப் பண்ணையாராக வேஷம் கட்டினார். வில்லியம் அவருடைய அடிமை. எலனுக்கு எழுதத் தெரியாது, அதனால் வலது கையைத் தூளியில் கட்டிக்கொண்டார். விடுதிப் பதிவேட்டில் கையெழுத்துக் கேட்டால் கையில் அடி என்று சொல்லிவிடலாம். யாரும் பேச்சுக்கொடுக்காமல் இருக்க முகத்திலும் ஒரு கட்டு. ரயிலும் நீராவிக் கப்பலும் மாறி, முதல் வகுப்புப் பயணியாக, நாலே நாளில் கிறிஸ்துமஸ் அன்று பிலடெல்பியா வந்துசேர்ந்தார்கள். அங்கிருந்து பாஸ்டனுக்கு வந்து குடியிருந்தார்கள்.

அப்படி வந்தவர்களை விட்டுக்கொடுக்க ஊர் தயாராக இல்லை. வில்லியம் ஹேடன் வீட்டில் இருந்தார். வாசலில் வெடிமருந்துப் பீப்பாய் வைத்திருந்ததாகவும், யாராவது உள்ளே நுழைந்தால் வீட்டையே கொளுத்திவிடுவேன் என்று லூயிஸ் மிரட்டியதாகவும் சொல்வார்கள். பீப்பாய் கதையைவிட எனக்கு முக்கியமாகப் படுவது மற்றது. ஆள்பிடிக்க வந்தவர்கள் வில்லியமைத் திருடன் என்று சொன்னதாக அவர்கள்மேலேயே ஊரார் அவதூறு வழக்குப் போட்டார்கள். கைது, பெருந்தொகைக்கு ஜாமீன், வெளியே வந்தால் மறுபடி கைது. தெருவில் இறங்கினால் கூட்டம் கத்திக்கொண்டே பின்னால் வரும். சில நாளில் அவர்கள் ஊரைவிட்டே போனார்கள். கிராஃப்ட் தம்பதி, அடிமைகளாக இருந்தபோது கிடைக்காத சட்டப்படியான திருமணத்தை நவம்பரில் ஹேடன் வீட்டில் செய்துகொண்டு இங்கிலாந்துக்குக் கப்பலேறினார்கள்.

1851 பிப்ரவரி 15 அன்று நடந்தது இன்னும் துணிச்சலானது. ஷாட்ராக் மின்கின்ஸ் என்பவர் ஒரு காபிக் கடையில் பரிமாறிக்கொண்டிருக்கும்போது பிடிபட்டார். அதே நாளில் சுமார் 20 கறுப்பின ஆண்கள் நீதிமன்ற அறைக்குள் திமுதிமுவென்று நுழைந்து அவரைத் தூக்கிக்கொண்டு வெளியேறினார்கள். வடசரிவில் எலிசபெத் ரைலி என்ற விதவையின் பரண்மேல் அவர் கொஞ்ச நேரம் ஒளிந்திருந்தார். பிறகு லூயிஸ் ஹேடன் அவரை ஊரைத் தாண்டவைக்க, மின்கின்ஸ் மான்ட்ரியல் போய்ச் சேர்ந்தார். ஹேடன்மேலும் கறுப்பின வழக்கறிஞர் ராபர்ட் மாரிஸ்மேலும் வழக்குப் போட்டார்கள். தண்டிக்க முடியவில்லை. நீதிமன்றத்திலிருந்து பரண்வரை நடந்தால் சில நிமிடங்கள்தான். எந்தக் கதவு திறக்கும் என்று எல்லோருக்கும் தெரிந்த ஊரில்தான் இப்படிச் செய்ய முடியும்.

எல்லா முறையும் இப்படி முடியவில்லை. இரண்டே மாதத்தில் தாமஸ் சிம்ஸ் பிடிபட்டபோது நீதிமன்றத்தைச் சுற்றிச் சங்கிலி கட்டினார்கள். நீதிபதிகளே குனிந்து நுழைய வேண்டியிருந்தது. விடியும் முன்னே அவரைக் கப்பலேற்றிவிட்டார்கள். 1854 மே மாதம் அந்தோனி பர்ன்ஸ். மீட்கப்போன கூட்டம் நீதிமன்றக் கதவை உடைத்தது, காவலர் ஒருவர் இறந்தார், மீட்க முடியவில்லை. ஜூன் 2 அன்று துருப்புகள் நடுவே பர்ன்ஸைத் துறைமுகத்துக்கு நடத்திச் சென்றபோது 50,000 பேர் தெருவில் நின்றார்கள். கடைகளில் கறுப்புத் துணி, தெருவுக்கு மேலே 'சுதந்திரம்' என்று எழுதிய சவப்பெட்டி. அதுவரை தெற்கின் பருத்தியில் பணம் பண்ணிய, அடிமை ஒழிப்பாளர்களைக் கலகக்காரர்கள் என்று நினைத்த பஞ்சாலை முதலாளிகள்கூட அன்று மனம் மாறினார்கள். மறு ஆண்டே லெனர்ட் கிரைம்ஸ் என்ற கறுப்பினப் போதகர் முயன்று பணம் திரட்டி 1,300 டாலருக்கு பர்ன்ஸின் விடுதலையை வாங்கிக் கொடுத்தார். அதன்பின் இந்தச் சட்டத்தின்படி மாசசூசெட்ஸிலிருந்து ஒருவரைக்கூடத் திருப்பி அனுப்ப முடியவில்லை.

ஜாய் தெருவில் 81-ஆம் எண். டேவிட் வாக்கர் இங்கே குடியிருந்தார். பழைய துணிக்கடைக்காரர். 1829-இல் அவர் எழுதி வெளியிட்ட சிறு நூல், அடிமைகள் எதிர்த்து நிற்க வேண்டும் என்று நேராகவே சொன்னது. கப்பல் தொழிலாளிகள் அவரிடம்தான் சட்டை வாங்குவார்கள். அந்தச் சட்டையின் உட்துணியில் பிரதியை வைத்துத் தைத்துத் தெற்கே அனுப்பினார் என்கிறார்கள். தென்மாநிலத் துறைமுகங்களில் அந்த நூல் பிடிபட ஆரம்பித்ததும், கறுப்பின மாலுமிகளைக் கரையிறங்கவிடாமல் தடுக்கவும், கறுப்பினத்தவருக்குப் படிக்கக் கற்றுக்கொடுப்பதைத் தடுக்கவும் அங்கே சட்டங்கள் வந்தன. வாக்கர் 1830-இல் இறந்தார். விஷம் வைத்துவிட்டார்கள் என்று பலர் நம்பினார்கள். காசநோயாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் கருத்து. அவருக்குப் பின் அதே வீட்டில் குடியிருந்த மரியா ஸ்டூவர்ட், 1832-இல் ஆண்களும் பெண்களும் கலந்த சபையில் மேடையேறி அரசியல் பேசினார். அமெரிக்காவில் பிறந்த பெண்களில் அப்படிப் பேசிய முதல் சிலரில் ஒருவர் அவர்.

அடுத்த திருப்பத்தில் ஸ்மித் கோர்ட், நடை முடியும் முட்டுச்சந்து. முட்டு என்று தோன்றும், ஆனால் கோடியில் வீடுகளுக்கு நடுவே ஹோம்ஸ் சந்து என்று ஒரு குறுகல் இடைவெளி இருக்கிறது. ஒருவர் பின் ஒருவராகத்தான் போகலாம். துரத்தி வருபவருக்கு அது சுவர். தெரிந்தவருக்கு அடுத்த தெரு.

சந்தின் ஒரு பக்கம் ஆப்பிரிக்க வழிபாட்டுக்கூடம். 1806-இல் பெரும்பாலும் கறுப்பினத் தொழிலாளிகள் கையால் எழுந்தது. கறுப்பினத்தவருக்காகக் கட்டிய தேவாலயங்களில் அமெரிக்காவில் இன்றும் நிற்பவற்றுள் மிகப் பழையது. ஆப்பிரிக்காவில் பிறந்த கேட்டோ கார்ட்னர் இதற்காக 1,500 டாலர் திரட்டினார். அவர் பெயர் வாசலுக்கு மேலே இருக்கிறது. 1832 ஜனவரி 6 இரவு, அடிமைமுறையை எதிர்த்த வெள்ளைப் பத்திரிகையாளர் வில்லியம் லாயிட் காரிசன் இங்கே புது இங்கிலாந்து அடிமை எதிர்ப்புச் சங்கத்தைத் தொடங்கினார். அன்று கையெழுத்துப் போட்ட 12 பேரும் வெள்ளையர்கள். இடம் கொடுத்தது கறுப்பினச் சபை. அதற்கு முந்தைய ஆண்டு காரிசன் தொடங்கிய பத்திரிகையை ஆரம்ப வருஷங்களில் காசு கொடுத்து வாங்கி உயிரோடு வைத்திருந்ததும் பெரும்பாலும் கறுப்பின வாசகர்கள். காரிசனின் துணிவைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. 1835-இல் பாஸ்டன் தெருவிலேயே ஒரு கும்பல் அவரை இழுத்துப்போனது. ஆனால் அவர் காலூன்றிய தரை யாருடையது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் மக்கள் சவுத் எண்ட், ராக்ஸ்பரி பக்கம் நகர்ந்தபின் இந்தக் கட்டிடம் யூதத் தொழுகைக்கூடமாக இருந்தது. 1972-இல் ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகம் இதை வாங்கியது. நடையில் உள்ளே போய்ப் பார்க்கக் கிடைக்கும் கட்டிடங்கள் இதுவும் பக்கத்தில் இருக்கும் ஏபியல் ஸ்மித் பள்ளியும்தான்.

அந்தப் பள்ளி 1835-இல் கறுப்பினக் குழந்தைகளுக்கென்று கட்டியது. ஒதுக்கிவைத்த பள்ளி. வில்லியம் கூப்பர் நெல் அதற்கு முன்பே, வழிபாட்டுக்கூடத்தின் கீழ்த்தளத்தில் பள்ளி நடந்த காலத்தில் படித்தவர். 1829-இல் மிகச் சிறந்த மாணவர்களில் ஒருவராகத் தேறினார். வெள்ளை மாணவர்களுக்குப் பதக்கமும் ஃபேனுயில் மண்டபத்தில் விருந்தும் கிடைத்தன. அவருக்கு ஒரு புத்தகம் மட்டும். அந்த விருந்தைப் பார்த்தாவது விட வேண்டும் என்று, பரிமாறுகிற ஒருவரிடம் கேட்டு, தானும் பரிமாறுபவராக உள்ளே போனார் அந்தப் பையன். இந்த நிலையை மாற்றாமல் விடுவதில்லை என்று அன்றே முடிவு செய்துகொண்டார்.

1840-களில் பெற்றோர்கள் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தினார்கள், மனுமேல் மனு போட்டார்கள். அச்சுத்தொழில் செய்த பெஞ்சமின் ராபர்ட்ஸின் ஐந்து வயது மகள் சாரா, தினமும் ஐந்து வெள்ளையர் பள்ளிகளைத் தாண்டி இந்தப் பள்ளிக்கு நடக்க வேண்டியிருந்தது. அப்பா வழக்குப் போட்டார். ராபர்ட் மாரிஸும் சார்லஸ் சம்னரும் வாதாடினார்கள். 1850-இல் தலைமை நீதிபதி லெமுவல் ஷா எதிராகத் தீர்ப்புச் சொன்னார். அந்தத் தீர்ப்பைத்தான் 1896-இல் உச்ச நீதிமன்றம் எடுத்துக்காட்டி, 'தனித்தனி ஆனால் சமம்' என்று நாடு முழுக்க ஒதுக்கிவைப்பதற்கு முத்திரை குத்தியது. ஆனால் நெல் விடவில்லை. சட்டமன்றத்துக்குப் போனார்கள். 1855 ஏப்ரலில் மாசசூசெட்ஸ் பள்ளிகளில் இனத்தால் பிரிப்பதைத் தடை செய்யும் சட்டம் வந்தது.

நெல் அப்போது குடியிருந்தது ஸ்மித் கோர்ட் 3-ஆம் எண் மரவீட்டில், பள்ளிக்கு எதிரே. புதிய பள்ளிகளுக்குப் பிள்ளைகள் போவதற்கு முந்தின நாள் காலை தன் ஜன்னலிலிருந்து பார்த்ததை அந்த டிசம்பரில் ஒரு கூட்டத்தில் சொன்னார். ஸ்மித் பள்ளியில் படித்த பையன் ஒருவன் அந்த வழியாகப் போனான். இரண்டு கையையும் மேலே தூக்கி, கூட வந்தவர்களிடம் கத்தினான்: கறுப்புப் பள்ளிக்கூடமே, போய்வருகிறேன், இனி வரவே மாட்டேன், நாளைக்கு நாங்களும் மற்ற பாஸ்டன் பையன்கள் மாதிரிதான்!